இந்தக் கிளாஸ் எந்த விதியைக் காக்கிறது? வெப் புரோகிராமிங் தொடங்குவோருக்கு

தகவலையும் அதை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் கிளாஸை எழுதக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். கன்ஸ்ட்ரக்டர், மெத்தட், பிரைவேட், பப்ளிக், இலக்கணம் அவ்வளவுதான். ஆனால் எதைக் கிளாஸ் ஆக்குவது, எதை அதற்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. பாடங்களில் வரும் நாய், விலங்கு உதாரணத்தைப் படித்துவிட்டு உண்மையான ஒரு வெப்சைட்டை எழுத உட்கார்ந்தால் அங்கே லாகின் இருக்கிறது, ஃபார்ம் இருக்கிறது, டேபிள் இருக்கிறது, அந்த உதாரணம் எதற்கும் பிடிகொடுப்பதில்லை. அதனால் பலரும் டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு கிளாஸ் எழுதி, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் வைத்துவிட்டு, மீதி எல்லா வேலையையும் ரெக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் அனுப்பும் கன்ட்ரோலரில் கொட்டிவிடுகிறோம். நானும் பல வருடம் இப்படித்தான் எழுதினேன்.

அது தவறு என்று எனக்குப் புரியவைத்தது ஒரு பக். கூட்ட அறைகளை முன்பதிவு செய்யும் ஒரு சிறிய அப்ளிகேஷன் அது. முன்பதிவின் நிலையை ஒரு சாதாரண ஸ்ட்ரிங்காக வைத்திருந்தோம். ரத்து என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஒரு ஃபைலில் ஓர் எல் போட்டும் இன்னொரு ஃபைலில் இரண்டு எல் போட்டும் எழுதியிருந்தோம், இரண்டுமே ஆங்கிலத்தில் சரியான எழுத்துக்கூட்டல்தான் என்பதால் படித்துப் பார்த்த யார் கண்ணிலும் படவில்லை. விளைவு, ஒரு பக்கத்தின் வழியாக ரத்து செய்த முன்பதிவுகள் காலண்டரில் அறையைப் பிடித்துக்கொண்டே இருந்தன, ஆட்கள் காலி அறையின் வாசலில் நின்றுகொண்டு "அறை கிடைக்கவில்லை" என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருத்த ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் திருத்தும்போதுதான் கவனித்தேன், ரத்து என்றால் என்ன, எப்போது ரத்து செய்யலாம், செய்தால் என்ன ஆகும் என்ற விஷயம் ஏழெட்டு ஃபைல்களில் துண்டுதுண்டாகக் கிடந்தது. முன்பதிவு என்று ஒரு கிளாஸ் இருந்தது. ஆனால் முன்பதிவைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது.

அன்றிலிருந்து எந்தக் கிளாஸை எழுதினாலும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறேன்: இந்தக் கிளாஸ் எந்த விதியைக் காக்கிறது? பதில் ஒரு வாக்கியத்தில் வந்தால் கிளாஸ் தேறும். வரவில்லை என்றால் அது கிளாஸ் அல்ல, சாமான் போட்டுவைக்கும் மூட்டை.

சரி, விதிகளை எங்கே தேடுவது? கோடில் தேடக்கூடாது, அதற்கு முன்னால் தேட வேண்டும். எடிட்டரைத் திறக்காமல் ஒரு தாளில், அந்த அப்ளிகேஷனைப் பயன்படுத்தப்போகிறவர் பேசுகிற மொழியில் வாக்கியங்களாக எழுதுங்கள். அறை முன்பதிவையே எடுத்துக்கொள்வோம். "முடியும் நேரம் தொடங்கும் நேரத்துக்குப் பிறகுதான் இருக்க வேண்டும்." "ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் இரண்டு முன்பதிவு இருக்கக்கூடாது." "கூட்டம் தொடங்கிய பிறகு ரத்து செய்ய முடியாது." "ரத்து செய்தால் அழைக்கப்பட்டவர்களுக்கு மெயில் போக வேண்டும்." நாலே வாக்கியம்தான், ஆனால் இதில் எத்தனை கிளாஸ் ஒளிந்திருக்கிறது பாருங்கள். முதல் விதி முன்பதிவைப் பற்றியதே அல்ல, அது நேர இடைவெளியைப் பற்றியது. இரண்டாவது ஒரு முன்பதிவுக்குள் அடங்காது, அது அறையின் அட்டவணையைப் பற்றியது. மூன்றாவதுதான் முன்பதிவுக்கே உரிய விதி. நான்காவது விதியே அல்ல, ஒன்று நடந்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

1989இல் மென்பொருள் வல்லுநர்கள் கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் இதற்காகவே ஒரு எளிய வழியைச் சொன்னார்கள். ஒரு சிறிய அட்டையில் கிளாஸின் பெயர், அதன் பொறுப்பு, அது யாரோடெல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது, இந்த மூன்றை மட்டும் எழுத வேண்டும். அட்டையில் இடம் பற்றவில்லை என்றால் கிளாஸ் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடத்துக்கும் மேலான யோசனை, இன்றைக்கும் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. மேலே சொன்ன நாலு வாக்கியத்துக்கும் அட்டை எழுதிப் பாருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

சின்னதில் இருந்து ஆரம்பியுங்கள்

முதலில் நேர இடைவெளி. பலரும் இதை ஒரு கிளாஸாகவே நினைப்பதில்லை, தொடக்கம் என்று ஒன்று, முடிவு என்று ஒன்று, இரண்டு தேதிகளாக எல்லா ஃபங்ஷனுக்கும் தூக்கிக்கொண்டு திரிவார்கள். எப்போதும் சேர்ந்தே பயணம் செய்யும் இரண்டு மதிப்புகளைப் பார்த்தால் அங்கே ஒரு கிளாஸ் பிறக்கக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே விதியைச் சரிபாருங்கள்: முடிவு தொடக்கத்துக்குப் பிறகு இல்லையென்றால் எக்செப்ஷன் எறியுங்கள் (பிழை என்று சொல்லி நிறுத்துங்கள்), ஆப்ஜெக்டே உருவாகக்கூடாது. அப்புறம் உங்கள் அப்ளிகேஷனில் எங்கே ஒரு நேர இடைவெளி ஆப்ஜெக்டைப் பார்த்தாலும் அது செல்லுபடியாகும் ஒன்றுதான் என்று நம்பலாம், திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை. தப்பான ஆப்ஜெக்ட் உருவாகவே வழியில்லாமல் செய்வது, உருவான பிறகு தேடிப் பிடிப்பதைவிடப் பல மடங்கு சுலபம்.

இனி இந்தக் கிளாஸில் வைக்க வேண்டிய முக்கியமான மெத்தட், இன்னொரு இடைவெளியோடு மோதுகிறதா என்று பார்ப்பது. இதைக் கன்ட்ரோலரில் எழுதும்போது எல்லோரும் நாலைந்து இஃப் போட்டு, இது அதற்குள் இருந்தால், அது இதற்குள் இருந்தால், பாதி வெளியே இருந்தால் என்று குழம்புவார்கள். தேவையே இல்லை. என் தொடக்கம் உன் முடிவுக்கு முன்னால் இருந்து, உன் தொடக்கமும் என் முடிவுக்கு முன்னால் இருந்தால் மோதல், அவ்வளவுதான். கோடில் ஒரே வரி:

$இது->தொடக்கம் < $மற்றது->முடிவு && $மற்றது->தொடக்கம் < $இது->முடிவு

(பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், படிக்க எளிது என்பதால். பிஎச்பி தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும், பைத்தான் 3உம் அப்படித்தான். முதலில் இருக்கும் இது என்பதை, உங்கள் மொழியில் அந்த ஆப்ஜெக்டைக் குறிக்கும் சொல்லாக மாற்றிக்கொள்ளுங்கள்.)

இதில் "சமம்" குறி இல்லாததைக் கவனியுங்கள். 10 முதல் 11 வரை ஒரு கூட்டம், 11 முதல் 12 வரை இன்னொன்று, இரண்டும் மோதக்கூடாது. சமம் குறியைச் சேர்த்தால் அடுத்தடுத்த கூட்டங்களை யாராலும் பதிவு செய்ய முடியாமல் போய்விடும். இப்படி ஒரு நுணுக்கமான தீர்மானம் ஒரே இடத்தில், பெயர் வைத்த ஒரு மெத்தடுக்குள் இருக்கிறது, அதற்கு மூன்று வரியில் டெஸ்டும் எழுதலாம். கிளாஸ் தரும் உண்மையான லாபம் இதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, தொடங்குபவர்கள் அநேகமாக எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள். பிஎச்பியில் டேட்டைம் என்ற ஆப்ஜெக்ட் மாறக்கூடியது. நீங்கள் தொடக்கத்தையும் முடிவையும் பிரைவேட் ஆக்கி, படிக்க மட்டும் ஒரு கெட்டர் கொடுத்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். வெளியே ஒருவர் அந்தக் கெட்டரில் வந்த தொடக்கத்தை வாங்கி, "ஒரு நாள் கழித்து என்ன தேதி" என்று பார்ப்பதற்காக அதன் மாடிஃபை மெத்தடைக் கூப்பிடுவார். அவர் கையில் இருப்பது நகல் அல்ல, உங்கள் கிளாஸுக்குள் இருக்கும் அதே ஆப்ஜெக்ட். உள்ளே தொடக்கம் ஒரு நாள் நகர்ந்து முடிவைத் தாண்டிவிட்டது, கன்ஸ்ட்ரக்டரில் நீங்கள் காத்த விதி போயே போய்விட்டது, எர்ரரும் வராது. பிஎச்பி 8.1இல் வந்த ரீட்ஒன்லி போட்டாலும் இது நிற்காது, ஏனென்றால் அந்த ப்ராப்பர்ட்டியில் வேறு ஆப்ஜெக்டை வைப்பதைத்தான் அது தடுக்கிறதே தவிர, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் மாறுவதை அல்ல. தீர்வு சுலபம்: டேட்டைமுக்குப் பதிலாக டேட்டைம்இம்யூட்டபிள். அது பிஎச்பி 5.5இலிருந்தே இருக்கிறது, எதைக் கேட்டாலும் தன்னை மாற்றாமல் புதிய ஆப்ஜெக்டைத் தரும். ஜாவாஸ்கிரிப்டின் டேட்டும் மாறக்கூடியதுதான், அங்கே நகல் எடுத்துக் கொடுங்கள். பைத்தானின் டேட்டைம் மாறாது, இந்த விஷயத்தில் கவலை இல்லை.

செட்டரை விடுங்கள், வினைச்சொல்லைப் பிடியுங்கள்

அடுத்து முன்பதிவு. பழைய பாணியில் ரத்து இப்படி இருக்கும்:

$முன்பதிவு->நிலை = 'ரத்து';

இதையே செட்டர் வழியாக எழுதினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, கதவுக்குப் பெயின்ட் அடித்தது போலத்தான், கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்த நிலையில் இருந்தும் எந்த நிலைக்கும் மாற்றலாம். இதற்குப் பதில்:

$முன்பதிவு->ரத்துசெய்($இப்போது);

நிலை என்ற ப்ராப்பர்ட்டி பிரைவேட். அதை ரத்து என்று மாற்ற ஒரே வழி ரத்துசெய் என்ற மெத்தட். அந்த மெத்தட் முதலில் கூட்டம் தொடங்கிவிட்டதா என்று பார்க்கும், ஏற்கெனவே ரத்தானதா என்று பார்க்கும், சரியாக இருந்தால் மட்டும் மாற்றும். பயன்படுத்துபவர் வாயில் வரும் வினைச்சொல் என்னவோ அதுவே மெத்தடின் பெயர்: ரத்துசெய், ஒத்திவை, உறுதிசெய். "நிலையை மாற்று" என்று யாரும் பேசுவதில்லை அல்லவா? மெத்தட் பெயர்களைப் படித்தாலே அந்த முன்பதிவை வைத்து என்னென்ன செய்யலாம் என்று தெரிந்துவிட வேண்டும். இதைக் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் 1972இலேயே சொல்லிவிட்டார்: மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவை, மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. நாளை "தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரைதான் ரத்து செய்யலாம்" என்று விதி மாறினால் நீங்கள் தொடப்போவது ஒரே ஒரு மெத்தட்.

$இப்போது என்பதை ஏன் வெளியிலிருந்து கொடுக்கிறோம்? மெத்தடுக்குள்ளேயே தற்போதைய நேரத்தை எடுத்துவிட்டால் அந்த விதியை டெஸ்ட் செய்ய நீங்கள் கடிகாரத்தோடு போராட வேண்டும். வெளியிலிருந்து கொடுத்தால் "தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது", "தொடங்கி ஒரு நிமிடம் ஆனபோது" என்று இரண்டு டெஸ்டை நொடியில் எழுதிவிடலாம். மெயில் அனுப்புவதும் அப்படித்தான். முன்பதிவு கிளாஸுக்குள் மெயில் சர்வரோடு பேசும் கோடு இருக்கவே கூடாது. ரத்து செய்யும் வேலையை முழுதாக நடத்தும் இன்னொரு சிறிய கிளாஸ் இருக்கட்டும், மெயில் அனுப்பும் ஆப்ஜெக்டை அதன் கன்ஸ்ட்ரக்டரில் கொடுங்கள். ஒரு கிளாஸுக்கு வேலை செய்ய என்னென்ன வேண்டும் என்பது அதன் கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தாலே தெரிய வேண்டும். அதில் ஏழு, எட்டு என்று பட்டியல் நீண்டால் அந்தக் கிளாஸ் இரண்டு மூன்று பேர் வேலையைச் செய்கிறது, பிரித்துவிடுங்கள்.

வெப்புக்கே உரிய சங்கதிகள்

இதுவரை சொன்னது எந்த அப்ளிகேஷனுக்கும் பொருந்தும். வெப்பில் கூடுதலாக மூன்று விஷயம் உண்டு, பொதுவான பாடங்களில் இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

ஒரே அறைக்கு இரண்டு முன்பதிவு கூடாது என்ற விதியை நினைவிருக்கிறதா? அறை அட்டவணை என்று ஒரு கிளாஸ் எழுதி, இருக்கும் முன்பதிவுகளை அதில் ஏற்றி, புதியது மோதுகிறதா என்று பார்க்கலாம். அழகாக இருக்கும், டெஸ்டும் பாஸாகும். ஆனால் இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் இரண்டு ரெக்வெஸ்ட், இரண்டு தனித்தனி அட்டவணை ஆப்ஜெக்ட், இரண்டுமே "காலியாக இருக்கிறது" என்று சொல்லும், இரண்டுமே சேமிக்கும். ஆப்ஜெக்ட் தன் நினைவகத்துக்குள் இருப்பதை மட்டும்தான் காக்க முடியும். பல ரெக்வெஸ்ட்டுகளுக்கு இடையே காக்க வேண்டிய விதி என்றால் டேட்டாபேஸையும் காவலுக்கு நிறுத்தியே ஆக வேண்டும்: டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற தொகுப்புக்குள்) அந்த அறையின் வரியை மற்றவர் மாற்றாதபடி லாக் செய்துவிட்டுச் சரிபாருங்கள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் என்ற தடையை வைத்து நேர மோதலை டேபிளிலேயே தடுக்கலாம். நல்ல கிளாஸ் எழுதிவிட்டோம், இனி டேட்டாபேஸ் சும்மா சேமித்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ஃபார்மில் வந்த எல்லாவற்றையும் அப்படியே ஒரு ஆப்ஜெக்டுக்குள் ஊற்றுவது. ஃப்ரேம்வொர்க்குகள் இதை ஒரு வரியில் செய்யவிடுவதால் கை தானாகப் போகும். ஃபார்மில் நீங்கள் வைத்த ஃபீல்டு நாலுதான், ஆனால் அனுப்புபவர் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து அனுப்பலாம், நிலை, உரிமையாளர் எண் என்று எதை வேண்டுமானாலும். 2012 மார்ச்சில், பலரும் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்திலேயே இது நடந்தது: ஃபார்மில் பயனர் எண்ணை மாற்றி அனுப்பி, ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க் திட்டத்தின் கணக்கில் ஒருவர் தன் பப்ளிக் கீயை, அதாவது கோடை மாற்ற அனுமதி தரும் சாவியை, சேர்த்துக் காட்டினார். அதனால் வெளியிலிருந்து வரும் தகவலைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து, நேர இடைவெளி போன்ற உங்கள் சொந்தக் கிளாஸ்களாக மாற்றி, அதற்குப் பிறகே உள்ளே அனுப்புங்கள். கன்ட்ரோலரின் வேலை அவ்வளவுதான். ரெக்வெஸ்ட்டைப் பிரிப்பது, வேலையை உரிய ஆளிடம் கொடுப்பது, பதிலைத் திருப்பி அனுப்புவது. ரெக்வெஸ்ட் ஆப்ஜெக்டை முன்பதிவு கிளாஸுக்குள் அனுப்பினால் நாளை அதே முன்பதிவை இரவில் ஓடும் ஒரு ஸ்கிரிப்டிலிருந்து உருவாக்க முடியாது.

மூன்றாவது, ஸ்டாட்டிக், அதாவது தனித்தனி ஆப்ஜெக்டில் இல்லாமல் கிளாஸுக்கே பொதுவாக இருப்பது. "தற்போதைய யூசர்" என்று ஒரு ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டியில் வைத்துவிட்டால் எங்கிருந்தும் எடுக்கலாம், வசதிதான். வழக்கமான பிஎச்பியில் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடுவதால் தப்பித்துக்கொள்வோம். நோட்ஜேஎஸ், ஜாவா, பைத்தான் சர்வர்களில் ஒரே புரோசஸ் வெகுநேரம் ஓடிக்கொண்டு பலருக்கும் பதில் சொல்கிறது, அங்கே இப்படி எழுதினால் ஒருவருடைய விவரம் இன்னொருவருக்குத் தெரியும் ஆபத்து நிஜமானது. உங்கள் கணினியில் நீங்கள் ஒருவர் மட்டும் சோதிக்கும்போது இது ஒருநாளும் கண்ணில் படாது.

இன்ஹெரிட்டன்ஸில் அவசரம் வேண்டாம்

ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸை உருவாக்கும் எக்ஸ்டெண்ட்ஸ் கற்றுக்கொண்ட உடனே யூசர் என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து அட்மின்யூசர் என்று இன்னொன்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இன்று சாதாரண யூசராக இருப்பவரை நாளை அட்மின் ஆக்கினால் என்ன செய்வீர்கள்? ஓர் ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு கிளாஸ் மாறுவதில்லை. ஒருவரே இரண்டு பொறுப்பில் இருந்தால்? அட்மின் என்பது ஆளின் இனம் அல்ல, அவருக்குக் கொடுத்த பொறுப்பு, அதை யூசருக்குள் ஒரு மதிப்பாக வையுங்கள். இன்ஹெரிட் செய்யும் முன் ஒரு சோதனை உண்டு, கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஒரு உரையில் முன்வைத்த யோசனை: தாய்க் கிளாஸை எதிர்பார்க்கும் இடத்தில் பிள்ளைக் கிளாஸை வைத்தால் எதுவும் உடையக்கூடாது. நிரந்தரமுன்பதிவு என்று ஒன்றை முன்பதிவிலிருந்து உருவாக்கி, அதில் ரத்துசெய் மெத்தட் எப்போதும் எக்செப்ஷன் எறியும் என்று எழுதினால், ரத்து செய்யலாம் என்று நம்பிக் கூப்பிடும் எல்லா இடமும் உடையும். கோடைத் திரும்ப எழுதாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இன்ஹெரிட் செய்யாதீர்கள், அந்த வேலையைத் தனிக் கிளாஸாக்கி உள்ளே வைத்துக்கொண்டால் போதும்.

பெயர் விஷயத்தில் சுருக்கமாக: மேனேஜர், ஹெல்பர், யூட்டில் என்று முடியும் பெயர் வந்தால் நின்று யோசியுங்கள். அவற்றுக்கு எல்லை இல்லை, அதனால் எல்லாமே அதற்குள் போய்ச் சேரும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. இப்படி ஒரு கட்டுரையைப் படித்த வேகத்தில் எல்லாவற்றையும் கிளாஸ் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்ற பட்டியல்) வைத்து, ஒரு மெயிலை அனுப்ப ஆறு ஃபைல் தாண்ட வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தொடர்பு ஃபார்ம் ஒன்று, வந்ததைச் சேமித்தால் போதும் என்றால் ஒரு ஃபங்ஷன் தாராளமாகப் போதும். காக்க விதி இல்லாத இடத்தில் கிளாஸ் தேவையில்லை. இன்டர்ஃபேஸும் அப்படியே, அதே வேலையைச் செய்ய உண்மையிலேயே இரண்டாவது கிளாஸ் வரும்போது எழுதிக்கொள்ளலாம். மெயில், பணம் செலுத்துதல் போன்ற வெளி உலகத்தோடு பேசும் இடங்களில் மட்டும் முதலிலேயே வைப்பது நல்லது, டெஸ்டில் போலி ஒன்றை வைக்க உதவும்.

ஏற்கெனவே எழுதிய பழைய கோடு இருக்கிறது, எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால் ஒரே ஒரு ஸ்ட்ரிங்கில் ஆரம்பியுங்கள். நிலையைக் குறிக்கும் ஒரு ப்ராப்பர்ட்டியைத் தேர்ந்தெடுத்து, அது எங்கெல்லாம் மாற்றப்படுகிறது என்று எடிட்டரில் தேடுங்கள். பிஎச்பி 8.1, பைத்தான் 3.4 அல்லது அவற்றுக்குப் பிந்தையது என்றால் ஈனம் (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) கையிலேயே இருக்கிறது, நிலைகளை அதில் எழுதிவிடுங்கள், எழுத்துக்கூட்டல் தப்பானால் அந்த வரி ஓடும்போதே எர்ரர் வரும். அப்புறம் அந்த ப்ராப்பர்ட்டியைப் பிரைவேட் ஆக்குங்கள். பைத்தானில் உண்மையான பிரைவேட் இல்லை, பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு போட்டால் தொடாதே என்று அர்த்தம். இப்போது உடைகிற (பைத்தானில், முன்பு தேடிக் கண்ட) ஒவ்வொரு இடத்துக்கும் போய், அந்த இடம் உண்மையில் என்ன செய்ய நினைத்தது என்று பார்த்து, அந்த வினைச்சொல்லையே மெத்தடாக எழுதுங்கள். பன்னிரண்டு இடத்தில் உடைந்தாலும் மெத்தட் மூன்று நாலுக்கு மேல் வராது, ஏனென்றால் பல இடங்கள் ஒரே வேலையைத்தான் வேறு வேறு விதமாகச் செய்துகொண்டிருக்கும். அந்தக் கூட்ட அறை அப்ளிகேஷனில் எங்களுக்கு வந்தது மூன்று: உறுதிசெய், ஒத்திவை, ரத்துசெய்.